கவாசுமியில் திறக்காத கதவு

சென்ற மாதம் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு பிள்ளை வந்து அமர்ந்தாள். தூரத்து உறவு. பயண நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். நானும் அந்தத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அங்கிள், நீங்கள் ஜப்பான் டூர் செய்தனீங்கள் எண்டு அம்மா சொன்னவ. எத்தனை தரம் போனீங்கள்?"

"ஒருக்காலும் போகேல்லை."

வாய்க்குக் கொண்டுபோன வடையை அவள் அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப எப்பிடி ஆக்களை அனுப்பினீங்கள்?"

"கேட்டுக் கேட்டுத்தான்."

அவள் சிரித்துவிட்டுக் கைபேசியை எடுத்துக் காட்டினாள். நான் ஆட்களை அனுப்பிய ஊரின் பெயரைச் சொல்ல, அவள் தட்ட, நொடியில் பாலம் வந்தது, அருவி வந்தது, கோயில் படிகள் வந்தன. விரலால் இழுத்தால் படிகளில் ஏறவும் முடிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே, "நீங்கள் எப்பவாவது பிழை விட்டிருக்கிறீங்களோ அங்கிள்?" என்று கேட்டாள். "சின்னச் சின்னதாய்" என்று சொல்லி நான் ரசச் சோற்றில் கையை வைத்தேன். அது உண்மையில்லை. ஒன்று சின்னது அல்ல. அதை அந்த மேசையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஊரில் நான் நில அளவை அலுவலகமொன்றில் படவரைஞன். எண்பத்து நான்கில் லண்டன் வந்த பிறகு, எல்லாரையும் போல ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்றேன். நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒருநாள் சின்ன அட்டையொன்று குத்தியிருந்தது: வரைபடம் வரையத் தெரிந்தவர் தேவை. மத்திய லண்டனில் ஒரு குறுக்குத் தெரு, மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. அங்கே இருந்தவர் இஷிதா அம்மையார். அறுபதை நெருங்கிய ஜப்பானியப் பெண். ஒரு ஆங்கிலேயரை மணந்து லண்டன் வந்தவர், பிறகு தனித்தவர்.

அவர் என் சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. ஒரு கடிதத்தைத் தந்தார். ரயில் நிலையத்திலிருந்து ஒரு மரப்பாலம் வரை எப்படி நடந்து போனேன் என்று ஒருவர் எழுதியிருந்த ஆங்கிலக் கடிதம். அதை வைத்துப் படம் வரையச் சொன்னார். வரைந்தேன். ஓரிடத்தை மட்டும் வெறுமையாக விட்டேன். ஏன் என்று கேட்டார். "பாலத்துக்குப் போகும் ஒழுங்கை கிணற்றுக்கு முன்னால் திரும்புகிறதா, பின்னால் திரும்புகிறதா என்று இந்தக் கடிதத்தில் இல்லை" என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

எங்கள் நிறுவனத்தில் ஐந்து பேர். விற்றது ஒரே ஒரு சரக்கு: கவாசுமி என்ற சின்ன மலையூரும் அதைச் சுற்றிய ஐந்தாறு கிராமங்களும். இஷிதா அம்மையார் பிறந்த பள்ளத்தாக்கு அதற்கு அடுத்தது. பெரிய நகரங்களைப் பார்த்து அலுத்துப்போன, வயது போன பிரித்தானியர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். அவர்களுக்குக் கோபுரமும் கூட்டமும் வேண்டாம். ஒரு பாலம், ஒரு அருவி, கடதாசி செய்யும் ஒரு கொட்டகை, கூரை விளிம்பில் பழம் உலர்த்தும் ஒரு தெரு, கால் நனைக்கச் சுடுநீர் ஊற்று ஒன்று. நாலு நாள் மெதுவாக நடந்து பார்த்துவிட்டு வருவார்கள்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள் கொடுப்போம். அதற்கு நாள்தாள் என்று பெயர். இடப்பக்கம் நான் வரைந்த படம். வலப்பக்கம் வரி வரியாக விவரம்: எத்தனை நிமிட நடை, எத்தனை படிகள், எந்த வளைவில் உட்கார்ந்து ஆற வாங்கு இருக்கிறது, கழிப்பறை எங்கே, அங்கே என்ன பார்க்கலாம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒடுக்கமான ஒரு பத்தி. அதன் தலைப்பு, 'யார் பார்த்தது?' திரும்பி வந்த பயணி ஒருவர் சொன்னால் அவருடைய முதலெழுத்து. விடுதிக்காரர் எழுதினால் விடுதிக்காரர். அந்தப் பத்தி நிரம்பாத வரி நாள்தாளில் போகக் கூடாது. இதுதான் அங்கே சட்டம், வேதம், எல்லாம்.

அம்மையார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எழுதிக் கொடுத்த தாளை இரண்டு கையாலும் வாங்குவார். வாசிப்பார். பிழை இருந்தால் பென்சிலை அந்த வரியின் மேல் படுக்க வைத்துவிட்டு, தாளை நம் பக்கம் திருப்பி வைப்பார். அவ்வளவுதான். வாத்தியாரிடம் வாங்கிய அடி எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

கவாசுமியில் ஒரு பழைய கோட்டை உண்டு. உண்டு என்றால், கோட்டை நின்ற கல் அடித்தளம் உண்டு, கோட்டை எப்போதோ எரிந்துவிட்டது. எங்கள் விற்பனையாளர், 'கோட்டை' என்று மட்டும் போட்டால் போதும் என்று வாதாடினார். கல்லைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்டார். அம்மையார், "கல்லைப் பார்க்க விரும்புகிறவர்கள் வருவார்கள்" என்றார். தாளில் இப்படித்தான் போனது: 'கோட்டை இல்லை. கோட்டை நின்ற கற்கள் இருக்கின்றன. மேலே ஏறினால் ஆறு தெரியும்.' இரட்டை அருவிக்கும் இதே கதைதான். கோடையின் பிற்பகுதியில் ஓர் அருவி வற்றிவிடும் என்று ஒருவர் வந்து சொன்ன அன்றே, அந்த வரியை மாதம் பிரித்துத் திருத்த வைத்தார்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள். அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருந்த காலத்தில் எனக்கு வெளியே போக வழியில்லை. கடவுச்சீட்டு வந்தபோது வீட்டில் மூன்று பிள்ளைகள். போகாமலே அந்த ஊரில் குடியிருந்தேன். எங்கள் வீட்டுப் பக்கத்து வால்தம்ஸ்டோச் சந்தையில் எந்தப் பக்கம் மரக்கறி என்று தெரியாமல் நான் தடுமாறுவேன். என் மனைவி, "உங்கடை ஜப்பானிலை கத்தரிக்காய் எங்கை விக்கிறது எண்டு கேட்டால் மட்டும் பாக்காமல் சொல்லுவியள்" என்று நக்கலடிப்பாள். அவள் சொன்னது சரிதான். கடதாசிக் கொட்டகைக்கு எதிரே, காலையில் மட்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், பனிக்காலம் முடிகிற நேரம். இஷிதா அம்மையாருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. மூன்று வாரம் வரமாட்டார். நாள்தாள்களில் அவருக்குப் பதிலாக நான் கையொப்பம் வைக்கலாம் என்று எழுதித் தந்துவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் அன்றைக்குப் பாயசம்.

அந்த வாரம்தான் மனோன்மணி அக்கா வந்தார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி, கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றார். லூயிஷாமில் இருந்து இரண்டு ரயில் மாறி வந்திருந்தார். ஆரம்பப் பாடசாலை ஒன்றின் சமையலறையில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறும் வேலை. இருபது வருடமாக அதே வேலை. கணவர் காலமாகிவிட்டார். எங்கள் அலுவலகத்துக்குத் தமிழர்கள் வருவது அபூர்வம். நான் தமிழில் பேசியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, நீர் தமிழோ? அப்ப நான் வந்த விஷயம் சொல்லேலும்."

ஒரே மகன் ரகு. கவாசுமிப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கப் போனவன். அங்கே போய் இரண்டாவது பனிக்காலத்தில் மலைப்பாதையில் கார் சறுக்கி இறந்துபோனான். இருபத்து நாலு வயது. உடலை இங்கே கொண்டுவந்து எல்லாம் செய்து முடித்து இரண்டு வருடம். அவர் கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டிருந்தது. லண்டனில் வளர்ந்த பிள்ளை. 'அம்மா' என்ற சொல் மட்டும் தமிழில், மற்றதெல்லாம் ஆங்கிலத்தில். இங்கே மேலே ஒரு கோயில் இருக்கிறது, உள்ளே ஒரு பெண் தெய்வம், நேரில் பார்த்தேன், முகம் அப்படியே உங்களைப் போல, வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு நீங்கள் கதிரையில் சாய்ந்திருப்பீர்களே, அப்படி ஒரு முகம் என்று எழுதியிருந்தான்.

"அந்த முகத்தை நான் ஒருக்காப் பாக்கவேணும், தம்பி. வேறை ஒண்டும் வேண்டாம். அருவியும் வேண்டாம், பாலமும் வேண்டாம். அவன் பாத்ததை நானும் பாத்திட்டு வந்தால் போதும்."

"அக்கா, இருநூற்றி எண்பத்தாறு படி இருக்கு."

"இருக்கட்டும். முழங்காலுக்கு ஒப்பரேஷன் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அதுக்கு முதல் ஏறோணும். பிறகு ஏறுவனோ தெரியாது."

கோயிலைப் பற்றி எங்கள் தாள்களில் படிகளும் மணிக்கூண்டும் மட்டும்தான் இருந்தன. உள்ளே இருக்கும் தெய்வத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஏன் இல்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கோயிலுக்குத் தொலைநகல் அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் வரும் மொழிபெயர்ப்பாளர் அதை எனக்கு வாசித்துச் சொன்னார். சந்நிதிக் கதவுகள் வழமையாகச் சாத்தியிருக்கும். காலை ஆறு மணி வழிபாட்டில் கதவுக்கு முன்னால் அமர்ந்து கலந்துகொள்ளலாம். ரகுவின் தாயார் வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சி.

நான் அக்காவுக்குத் தொலைபேசியில் அதை அப்படியே சொன்னேன்.

"சாத்தித்தானே இருக்கும்" என்றார் அவர். "பூசைக்குத் திறப்பினம்."

"ஓம் அக்கா. எங்கடை திரை மாதிரித்தான். மணி அடிக்க விலத்துவினம்."

"வடிவாத் தெரியுமோ கதவடியிலை இருந்தா?"

"முன்னுக்கு இருத்துவினம் அக்கா. நான் எழுதி விடுறன்."

இரண்டு பேருக்கும் ஒரு ஐயமும் இல்லை. எப்படி இருக்கும்? பிறந்த நாள் முதல் மூடிய திரைக்கு முன்னால் நின்று பழகியவர்கள் நாங்கள். சந்நிதி மூடியிருக்கிறது என்றால் எங்களுக்கு அது ஒரு தகவலே இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் திறக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். மணி அடிக்கும், திரை விலகும், தீபம் காட்டுவார்கள், முகம் தெரியும். விலகாத திரை ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எங்கள் புத்தியில் ஏறவே ஏறாது. ஓர் ஆங்கிலேயர் என் கதிரையில் இருந்திருந்தால், 'வழமையாக என்றால் என்ன, எப்போது திறக்கும்?' என்று கேட்டிருப்பார். நாங்கள் ஒருவருக்கொருவர் ஓம் போட்டுக்கொண்டோம்.

நாள்தாளில் எழுதினேன்: 'காலை ஆறு மணி வழிபாட்டில் கதவு திறக்கும். தெய்வத்தின் முகத்தைப் பார்க்கலாம்.' பக்கத்துப் பத்தியில், 'கோயில் கடிதம்.' கீழே கையொப்பம் வைத்தேன். ஒழுங்கை எங்கே திரும்புகிறது என்று தெரியாததற்கு வெறுமையாக விட்டவன், இந்தப் பெரிய வெறுமையை என் பழக்கத்தால் நிரப்பினேன்.

மனோன்மணி அக்கா சித்திரையில் புறப்பட்டார். இஷிதா அம்மையார் ஒரு திங்கட்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பினார். வந்ததும் செய்யும் முதல் வேலை, தான் இல்லாதபோது போன தாள்களின் பிரதிகளை வாசிப்பது. நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டுவந்து வைத்தேன். கண்ணுக்கு மிக அருகில் தாளைப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை எடுத்துத் தாளின்மேல் படுக்க வைத்தார். தாளை என் பக்கம் திருப்பினார்.

"யார் பார்த்தது?"

"கோயிலில் இருந்து கடிதம் வந்தது."

"காட்டுங்கள்."

ஜப்பானிய மூலத்தை எடுத்துக் கொடுத்தேன். வாசித்தார். மறுபடி வாசித்தார். "இதில் திறக்கும் என்று எங்கே இருக்கிறது?"

காலை ஒன்பதரை மணி. அங்கே மாலை ஐந்தரை. அவர் கோயிலுக்குத் தொலைபேசி எடுத்தார். பேசும்போது, எதிரே ஆள் நிற்பது போலத் தலையைத் தாழ்த்தித் தாழ்த்திப் பேசினார். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண் சிவந்திருந்தது.

"முப்பத்து மூன்று வருடங்களுக்கு ஒருமுறை திறப்பார்கள். கடைசியாகத் திறந்து பதினெட்டு வருடம். தாயாருக்காக ஒரு நிமிடம் திறக்க முடியுமா என்று கேட்டேன். தலைமைக் குரு அழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். முப்பது வருடமாக அந்தக் கதவைத் துடைக்கிறாராம். அவரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார்."

அடுத்தது எப்போது என்று நான் கேட்கவில்லை. கழித்தல் கணக்கு எனக்கும் தெரியும். அக்காவுக்கு அப்போது அறுபத்தொரு வயது.

ஆனால் எனக்கு வேறொரு கணக்கும் பிடிபட்டது. ரகு அங்கே போனது நாலு வருடத்துக்கு முன்னால். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் திறந்த கதவு, அவனுக்காகத் திறந்திருக்க முடியாது.

"அவர் இப்போது எங்கே?" என்று அம்மையார் கேட்டார்.

"இன்றைக்கு மாலைதான் கவாசுமி விடுதிக்குப் போய்ச் சேருவார். நாளைக் காலை ஏறுகிறார்."

"அப்படியானால் ஏறுவதற்கு முன் அவருக்குத் தெரிய வேண்டும். எழுதியவர் நீங்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்." தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். "துரதிர்ஷ்டவசமாக என்ற சொல்லைப் பாவிக்காதீர்கள். அதிர்ஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை."

விடுதியில் அவரைக் கூட்டிவர இரண்டு நிமிடம் எடுத்தது. குரல் சந்தோஷமாக இருந்தது.

"தம்பி! வந்து சேர்ந்திட்டன். நீர் எழுதினது ஒண்டும் பிசகேல்லை. பாலம் தாண்ட வாங்கு எண்டீர், வாங்கு இருக்கு. நான் அதிலை இருந்து ஆத்தைப் பாத்திட்டு வாறன்."

"அக்கா."

"என்ன தம்பி? குரல் ஒரு மாதிரி இருக்கு."

"அக்கா, நான் ஒரு பிழை விட்டிட்டன். கோயில் கதவு நாளைக்குத் திறவாது. பூசைக்கும் திறவாது. அது முப்பத்து மூண்டு வருஷத்துக்கு ஒருக்காத்தான் திறக்கிறதாம். நான் விசாரிக்காமல் எங்கடை கோயில் மாதிரி எண்டு நினைச்சு எழுதிப்போட்டன். கடிதத்திலை அப்பிடி இல்லை. பிழை முழுக்க என்னிலைதான்."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் அடுக்குவது தூரத்தில் கேட்டது.

"அப்ப கடைசியா எப்ப திறந்தது?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். நல்ல பொய்யொன்று நாக்கு நுனியிலேயே இருந்தது. வாத்திமாருக்கு விசேஷமாகத் திறந்து காட்டுவார்களாம் என்று சொல்லியிருக்கலாம். அல்லது தெரியாது என்று சொல்லியிருக்கலாம். செத்த பிள்ளையின் கடிதத்தில் கைவைக்க எனக்கு என்ன உரிமை? இஷிதா அம்மையாரைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தடவை பார்க்காததை எழுதி இந்தப் பெண்ணை இவ்வளவு தூரம் அனுப்பிவிட்டேன். இன்னொரு தடவை முடியாது என்று தோன்றியது.

"பதினெட்டு வருஷத்துக்கு முந்தி, அக்கா."

அவர் கணக்குப் பார்ப்பது எனக்குக் கேட்டது போல இருந்தது.

"அப்ப ரகு பாக்கேல்லை."

"இல்லை அக்கா. பாத்திருக்க ஏலாது."

"நேரிலை பாத்தன் எண்டெல்லோ எழுதினவன்."

"அக்கா, நாளைக்கு ஏற வேண்டாம். உங்களுக்குக் கால் ஏலாது. நான் வேறை ஒழுங்கு..."

"வைக்கிறன் தம்பி" என்றார். வைத்துவிட்டார்.

அன்று நான் ஒரு வரியும் எழுதவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "கோயில் எண்டால் உலகத்திலை இருக்கிற எல்லாம் எங்கடை கந்தசாமி கோயிலோ?" என்று கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நக்கலை நிறுத்தி, பக்கத்தில் வந்து அமர்ந்தாள். "மனுசிக்கு இருந்தது அந்த ஒரு கடிதம்தான். அதையும் பறிச்சுப்போட்டம்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அப்பா இறந்த செய்தி வந்தபோதுகூட பிள்ளைகளுக்கு முன்னால் அழாதவன் நான்.

மறுநாள் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி அம்மையார் மேசையில் வைத்தேன். இரண்டு கையாலும் எடுத்தார், வாசித்தார், மடித்துத் திருப்பித் தந்தார். "அந்தத் தாயார் திரும்பி வரட்டும். அவரைக் கேட்காமல் இதை நான் வாங்க முடியாது." அதற்குமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விடுதிக்குத் தொலைபேசி எடுத்தபோது, அக்கா விடியப்புறம் புறப்பட்டுப் போனவர், மத்தியானம்தான் திரும்பினார், சாப்பிட்டார், நித்திரை கொள்கிறார் என்றார்கள். என்னோடு பேசக் கேட்கவில்லை. நானும் எழுப்பச் சொல்லவில்லை. அடுத்த ஒன்பது நாளும் மாடிப்படியில் யாராவது மூச்சு வாங்கி ஏறும் சத்தம் கேட்டால் நான் எழுந்து நின்றேன்.

பத்தாம் நாள் வந்தார். தடி ஒன்று ஊன்றியிருந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டேன். இருந்தார். இஷிதா அம்மையார் எழுந்து வந்து, இடுப்பு வரை குனிந்து, ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். அக்காவுக்குக் கூச்சமாகிவிட்டது. "நோ, நோ" என்று கையை அசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"ஏறினன் தம்பி. படிக்குப் படி இருந்து இருந்து ஏறினன். நீர் எழுதின இடத்திலை எல்லாம் வாங்கு இருந்தது. குரு என்னை முன்னுக்கு இருத்தினவர். கறுப்புக் கதவு. பளபளவெண்டு துடைச்சு வைச்சிருக்கினம். என்ரை நிழல் அதிலை தெரியுது."

"அக்கா, நான்..."

"இரும். நான் சொல்லி முடிக்கிறன். இருந்து பாத்தன். பூசை நடந்தது. கதவு திறக்கேல்லை. எனக்கு முதல்லை அவனிலைதான் கோவம் வந்தது. பொய்யன். சின்னனிலையும் அப்பிடித்தான். நான் பரிமாறின பள்ளிக்கூடத்திலைதான் படிச்சவன். கோப்பையிலை சாப்பாடு அப்பிடியே கிடக்கும், நான் பாத்துக்கொண்டு நிப்பன், 'சாப்பிட்டிட்டன் அம்மா' எண்டுவான். நான் கவலைப்படக் கூடாது எண்டு."

கைப்பையைத் திறந்தார். அந்தக் கடிதத்தை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

"பிறகு யோசிச்சன். அவனுக்கும் சாத்தித்தானே கிடந்திருக்கும். அவனும் அதிலைதான் இருந்திருப்பான். சாத்தின கதவைப் பாத்துக்கொண்டிருந்து, உள்ளுக்கை இருக்கிற முகம் அம்மாவைப் போல எண்டு அவன்பாட்டிலை எழுதியிருக்கிறான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேலைவிலகல் கடிதம் மேசை இழுப்பறையில் இருந்தது. அதை எடுத்து அவருக்கு முன்னால் வைத்து, அது என்ன என்று சொன்னேன். அவர் அதைத் தொடவில்லை.

"நீர் விட்டது பிழைதான். அதை நான் இல்லை எண்டு சொல்லமாட்டன். வேலையை விட்டால் எனக்கு என்ன வரும்? இருந்து ஒழுங்கா எழுதும்." தடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நின்றபடி சற்று யோசித்தார். "ஆனா ஒண்டு தம்பி. நீர் எழுதினபடி அண்டைக்குக் கதவு திறந்து, உள்ளுக்கை வேறை ஆரின்ரையோ முகம் இருந்திருந்தால், அவன்ரை கடிதத்தை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்திருப்பன்?"

அக்கா என்ன சொல்கிறார் என்று இஷிதா அம்மையார் என்னைக் கேட்டார். அக்கா கேட்டதை நான் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன்.